சோழமண்டலமும் மஅபரும்

இடப்பெயர்கள் வரலாற்றின் வாய்மொழிச் சான்றுகள். கல்வெட்டு சிதையலாம், ஏடு செல்லரிக்கலாம், மக்கள் நாவில் வழங்கும் பெயர் எளிதில் மறைவதில்லை. அண்மையில் நம் வகுப்பில் மாணவர் ஒருவர், "ஐயா, கோரமண்டல் என்பது கோரம் என்னும் சொல்லடியாகப் பிறந்ததா?" என வினவினார். சிலர் நகைத்தனர், நமக்கோ நகைப்பு எழவில்லை. தம் நாட்டின் பெயரையே தமிழ் மாணவர் அயற்பெயராகக் கருதும் நிலைக்கு ஆசிரியராகிய நாமும் பொறுப்பாளிகள் அன்றோ?

சோழர் கல்வெட்டுகளில் பயிலும் "சோழமண்டலம்" என்பதே போர்த்துக்கீசர் முதலிய ஐரோப்பியர் நாவில் திரிந்து "கோரமண்டல்" ஆயிற்று என்பர் அறிஞர். அப்பெயர் தாங்கிய ஆங்கிலக் கப்பலொன்று 1820இல் நியூசிலாந்தை அடைய, அங்கும் ஒரு துறையும் தீபகற்பமும் கோரமண்டல் எனப் பெயர் பெற்றன.

ஐரோப்பியர் வருமுன்னரே அரபியர் இக்கரையை "மஅபர்" என்றனர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். அது கொல்லம் முதல் நெல்லூர் வரை விரிந்தது எனப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும், 1340களில் வந்த இப்னு பதூதாவும் இப்பெயரையே ஆண்டனர். இதனை மேற்குக் கரையின் மலபாருடன் மயங்குதல் கூடாது.

இங்கு ஒரு வியப்பு உண்டு. அரபியர் மஅபர் என்றழைத்த இக்கரையிலிருந்து மலாய் நாடுகளுக்குச் சென்ற தமிழ் முஸ்லிம்கள் அங்கே "சூலியா" என அழைக்கப்பெற்றனர். சோழர் என்பதன் திரிபே அஃது என்பது பலர் கருத்து. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சூலியா தெரு இன்றும் உண்டு. சிங்கப்பூரில் 1826இல் நிறுவப்பெற்ற ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் உண்டு. சோழர் ஆட்சி மறைந்து பல நூற்றாண்டுகள் கடந்த பின்னும், அவர்தம் பெயரைக் கடல் கடந்து சுமந்தவர் நம் முன்னோரே.

தமிழும் இஸ்லாமும் நமக்கு இரு வேறு கரைகள் அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆதலின், தமிழில் எழுதுங்கால் "சோழமண்டலக் கரை" என்றே எழுதுவோம். மஅபரையும் மறவாது கற்பிப்போம். மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர் முதியோரை அணுகித் தெரு, துறை, குளம் ஆகியவற்றின் பழம்பெயர்களைக் கேட்டு எழுதுக. பெரியோர் தம் நினைவுகளை மனமுவந்து வழங்குக. பெயரைக் காத்தல் வரலாற்றைக் காத்தலாகும்.