சைக்கிளில் மலைநாடு

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நடை பழகிய சில ஆண்டுகளிலேயே சைக்கிளும் பழகிவிடுகிறது. பாடசாலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் அதுவே வாகனம். எரிபொருள் கிடையாத போர்க்காலத்தில் விறகையும் நெல்மூட்டையையும் நோயாளியையும் சுமந்ததும் அதுவே. ஆனால் அந்நிலம் தட்டையானது. அங்கே சைக்கிளோடிக்குக் காற்றொன்றே எதிரி. ஆகையால், தம் கால்களின் வலிமையில் அளவிறந்த நம்பிக்கை வைத்த மாணவர் சிலர், வருகிற ஓகஸ்ட் விடுமுறையிற் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளிற் போக எண்ணியிருக்கிறோம், வீட்டார் மறிக்கிறார்கள், நீங்கள் ஒரு தீர்ப்புக் கூறுங்கள் என்று கேட்டதில் வியப்பில்லை. தீர்ப்பை முதலிலேயே கூறிவிடுகிறேன்: மலைநாட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த மாதத்தில் அந்த வீதியால் வேண்டாம். காரணங்களைக் கேட்டபின் வழக்கைத் தொடரலாம்.

கம்பளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 475 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இடையே புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை என ஊர்கள் படிப்படியாக உயர்கின்றன. சைக்கிளோடியும் அவர் வண்டியும் சேர்ந்து 75 கிலோகிராம் எனக் கொண்டால், அப்பாரத்தை 1,400 மீற்றர் உயர்த்துவதற்கு ஏறக்குறையப் பத்து இலட்சம் யூல் சக்தி வேண்டும். நமது தசைகள் உண்ட உணவின் சக்தியில் நாலிலொரு பங்கையே வேலையாக மாற்ற வல்லன. எஞ்சியது வெப்பமாகவும் வியர்வையாகவும் போய்விடும். எனவே ஏற்றத்துக்கு மட்டும் ஆயிரம் கிலோகலோரி வரையில் வேண்டியிருக்கும். சோற்றுக் கணக்கிற் சொன்னால் முக்காற் கிலோ சோறு. இதை ஒரே முறையில் உண்டுவிட்டு மலையேறுபவர் முதலாம் வளைவிலேயே வருந்துவார். கதலிப்பழமும் அவித்த கடலையும் தேநீர்க் கடை ரொட்டியும் கைவசமிருக்க, அரைமணிக்கொரு முறை சிறிது சிறிதாக உண்பதே முறை.

அடுத்தது வண்டி. நம்மவர் ஓட்டும் சாதாரண சைக்கிளில் மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீற்றருக்குச் சற்று மேலே நகரும். சமநிலத்துக்கு அது மிக நன்று. மலையேற்றத்திலோ, ஒவ்வொரு சுற்றுக்கும் உடற்பாரம் முழுவதையும் மிதிமேல் ஏற்றி நிற்க நேரிடும். சிறிய முன் பற்சில்லும் பெரிய பின் பற்சில்லும் கொண்ட கியர் வண்டியில் ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீற்றர் மட்டுமே போகலாம். அதற்கேற்ப மிதியிற் கொடுக்கவேண்டிய விசையும் பாதிக்குக் குறையும். கியர் இல்லாத வண்டியில் மலையேறியவர்கள் இல்லையென்று கூறமாட்டேன். அவர்கள் வழியிற் பெரும்பகுதியை வண்டியைத் தள்ளியே கடந்தார்கள். தள்ளுவது இழிவன்று.

ஆயினும் தந்தையர் அஞ்சவேண்டியது ஏற்றத்துக்கன்று. ஏறும்போது களைத்தவன் இறங்கி நிற்பான், அவ்வளவே. இறங்கும்போதுதான் ஆபத்து. ஏறும்போது சேமித்த பத்து இலட்சம் யூலும் இறங்கும்போது எங்கேனும் போய்த் தீரவேண்டும். ஒரு பங்கைக் காற்று தின்னும்; மீதியை பிறேக் கட்டைகளும் றிம்மும் வெப்பமாக ஏற்கும். அம்முழுச் சக்தியும் மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்கு அருகிற் கொண்டுவரப் போதுமானது என்றால் அதன் அளவை உணரலாம். இடைவிடாது பிறேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் றிம் சூடேறிச் சில வேளைகளில் ரியூப் வெடிக்கும். நனைந்த றிம்மில் பிறேக் முதலிற் பிடிக்காது. சில்லு ஓரிரு சுற்றுச் சுற்றி நீர் வழிந்த பின்னரே பிடிக்கும். அவ்விரு சுற்றுக்குள் வளைவு வந்துவிடும். ஆதலால் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் பிறேக்கை விட்டு, முன்னும் பின்னுமாக மாறிமாறிப் பிடித்து இறங்கவேண்டும். இதைக் கற்காதவன் தலைக்கவசம் அணிந்திருந்தாலும் மலையிலிருந்து இறங்கத் தகுதியுடையவனல்லன்.

வீதியின் மற்றப் பாவனையாளரையும் மறக்கலாகாது. 2025 மே 11 அன்று அதிகாலையில், இதே கம்பளை - நுவரெலியா வீதியிற் கரண்டி எல்ல என்னுமிடத்திற் பயணிகள் பேருந்தொன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அகலங் குறைந்த வளைவுகளிற் பேருந்தும் லொறியும் உள்வட்டத்தை வெட்டித் திரும்பும். அவ்வேளை ஓரத்திற் செல்லும் சைக்கிளோடிக்கு ஒதுங்க இடமிராது.

இவ்வீதிகள் ஏன் இத்தனை வளைந்து செல்கின்றன என்று சிலர் சலித்துக்கொள்வர். உண்மையில் அவ்வளைவுகளுக்குச் சைக்கிளோடி நன்றி கூறவேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் தேசாதிபதி பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியை அமைப்பித்தார். அவ்வேலையில் ஈடுபட்டு 1829இல் இறந்த கப்டன் டோசனுக்கு எழுப்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. சிறுவயதிலேயே படையிற் சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர், 1867இல் ஓய்வுபெறும் வரையில் வீதி அமைப்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். பின்னர் கோப்பி மூட்டைகளை மாட்டுவண்டியிற் கொழும்புக்குக் கொண்டுபோகவேண்டி வந்தது. மாடு இழுக்கக்கூடிய சாய்வுக்குள் வீதி அடங்கவேண்டும். ஆகையால் மலையைச் சுற்றிச் சுற்றியே ஏறினார்கள். மாட்டுக்கு இரங்கி அமைத்த சாய்வு மனிதனின் காலுக்கும் இசைந்தது. கண்டிக்குப் புகைவண்டி வந்தது 1867இல். அதே ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டில் கோப்பியில் இலைநோய் தோன்றியது. காலப்போக்கிற் கோப்பி மறைந்து தேயிலை மலைகளை மூடியது.

மூடியது என்றேன், அதற்கு முன் அங்கிருந்தது காடு. ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞரின் ஆலோசனையின் பேரில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது 1873இல் தடுக்கப்பட்டது. ஹக்கலைப் பூந்தோட்டத்துக்குப் பின்னாலும் பட்டிப்பொலைப் பக்கத்திலும் இன்றும் நாம் காணும் கரும்பச்சைக் காடு அத்தடையாற் பிழைத்தது எனலாம். லபுக்கலையைத் தாண்டி மேலேறும்போது தேயிலை முடிந்து காடு தொடங்குமிடத்தில் காற்றின் மணமே மாறும். ஆயிரம் மீற்றர் ஏற ஆறரைப் பாகை வரையில் வெப்பநிலை குறைவதால், கம்பளையில் வியர்த்தவர் நுவரெலியாவில் நடுங்குவார். ஒரு கம்பளிச் சட்டையின்றி அவ்வழி போவது அறியாமை. அவ்வுயரத்திற் காற்றமுக்கமும் கடற்கரையிலுள்ளதிலும் ஐந்திலொரு பங்கு குறைவு. யாழ்ப்பாணத்து மாணவருக்கு மூச்சு வாங்கினால் அது நெஞ்சின் குற்றமன்று.

இந்த வீதிகளின் மருங்கில் வாழ்பவர் யார் என்பதையும் மாணவர் அறிந்து செல்லவேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். வழியிற் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டவர் பலர். மலையகத் தமிழர் வந்து இருநூறாண்டு நிறைவுற்ற 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நினைவு நடைப்பயணம் நடைபெற்றது. நாம் அழகென்று நின்று பார்க்கும் அம்மலைச்சரிவிற் கொழுந்துக்கூடை சுமந்து ஏறுகிறவள் நமது மொழியிலேயே பேசுகிறாள். லயத்து வாசலிற் கமராவை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. தண்ணீர் கேட்டால் தேநீரே கிடைக்கும், மறுக்காமற் குடிக்கவேண்டும்.

இனி ஓகஸ்ட் மாதத்துக்கு வருவோம். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரையில் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டுகிறது. றம்பொடையில் அருவிகள் அப்போதுதான் அழகு. 109 மீற்றர் உயரமான றம்பொடை அருவி வீதியிலிருந்தே தெரியும். ஆனால் வீதி வழுக்கும், மூடுபனி கண்ணை மறைக்கும். அதே வேளையில் மலைமுதுகின் மறுபுறமாகிய ஊவாவில் அக்காற்று ஈரமிழந்து வறண்டு வீசும். நான் கூறுவது இது: ஓகஸ்டில் ஊவாவுக்குச் செல்லுங்கள். நுவரெலியா வீதியைச் சனவரி - மார்ச் மாதங்களுக்கு ஒத்திவையுங்கள். ஏப்பிரல் விடுமுறையில் அவ்வூர் வாகனங்களால் நிரம்பிவிடும், அப்போதும் வேண்டாம்.

ஊவாவில் பண்டாரவளையை நிலையாகக் கொள்ளலாம். அங்கிருந்து ஹப்புத்தளைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் அளவே. 1,430 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளை ஒரு மலைவிளிம்பில் அமர்ந்த ஊர். தெளிந்த காலையில் தெற்கே தாழ்நிலம் முழுவதும் விரிந்து கிடக்கும். காற்றுக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும்; விளிம்பில் அது பக்கவாட்டில் வந்து முன்சில்லைத் தள்ளும். ஊரிலிருந்து தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலைக்குச் செல்லும் ஒடுங்கிய பாதையில் வாகனம் குறைவு. அத்தொழிற்சாலை லிப்டன் 1890இற் கட்டியது. முதல் நாளுக்கு அதுவே போதும். மறுநாள் எல்லவுக்கு இறங்கலாம். அதற்கடுத்த நாள் எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்கு 27 கிலோமீற்றர் இறக்கம். வழியில் இராவண எல்ல அருவி வீதியை ஒட்டியே விழுகிறது. இவ்விறக்கத்துக்கு விடியற்காலை தகும். வெல்லவாயாவுக்கு அப்பால் தாழ்நிலத்தில் யானை நடமாட்டமுண்டு; இருட்டிய பின் சைக்கிளில் அப்பக்கம் போகலாகாது.

வெல்லவாயாவிலிருந்து கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறும் வீதி இதனிலும் அழகியது என்பர். 220 மீற்றர் உயரமான தியலும அருவி அங்கேதான் உள்ளது. எனினும் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை 2014 ஒக்ரோபர் 29 அன்று மண்சரிவு மூடியதை நினையாமல் அவ்வீதியிற் செல்ல என்னால் முடியாது. 2025 நவெம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாடெங்கும் மண்ணைச் சரித்து நூற்றுக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. வீதிகள் பலவற்றையும் அறுத்தது. ஆகையாற் கைத்தொலைபேசிப் படத்தில் வீதி தெரிகிறதென்று புறப்படலாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தும், முதல் நாள் அவ்வூரவரிடம் விசாரித்துமே புறப்படவேண்டும்.

கால் பழகிய பின்னர் மாத்தளையிலிருந்து றிவர்ஸ்டன் கணவாய் வழியாக இலுக்கும்புரைக்குச் செல்லும் வீதியை நான் பெரிதும் விதந்துரைப்பேன். நக்கிள்ஸ் மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் வழி அது. பீக் வனாந்தரம், ஹோர்டன் சமவெளி ஆகியவற்றுடன் நக்கிள்ஸும் 2010இல் உலக மரபுரிமையாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மேற்குப் பக்கத்தில் ஈரம் சொட்டும் காடு, கணவாயிற் காற்றுக்கு வளைந்து குள்ளமான மரங்கள், சில கிலோமீற்றர் இறங்கினால் பிட்டவலைப் பத்தனைப் புல்வெளி, அதற்கப்பால் உலர்வலயம். அரை நாட் பயணத்துக்குள் இத்தனை மாற்றத்தை வேறெங்கும் எளிதிற் காணவியலாது. புவியியல் கற்கும் மாணவர் மழைமறைவு என்னும் பாடத்தை அங்கே ஒரே சரிவிற் படித்துவிடலாம். அட்டைக்கடிக்குச் சிறிது உப்பு, மாற்று ரியூப் இரண்டு, காற்றுப் பம்பு, கூட்டாக மூவர், முன்னே மெதுவாகச் செல்பவரை வைத்து, அவர் வேகத்துக்கு மற்றவர் தொடர்வது. மதியத்துக்கு முன் கணவாயைக் கடந்துவிட வேண்டும். பிற்பகலில் முகில் இறங்கினால் பத்து மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.