கண்ணால் வாங்கும் ஒலிபெருக்கி

துன் நகரிலும் அயல் ஊர்களிலும் நாம் சென்றுவரும் எமது மக்களின் இல்லங்களில் வரவேற்பறையை முதலில் அலங்கரிப்பது ஒலிபெருக்கியே. ஒன்றில் பிள்ளையின் உயரத்துக்கு நிற்கும் இரட்டைப் பெட்டிகள். இல்லையேல் உள்ளங்கையில் அடங்கும் கம்பியில்லாச் சிறுபெட்டி. எப்படித் தெரிவு செய்தீர்கள் என வினவினால், 'ஆயிரம் வற்' என்பார்கள். 'அரைவிலைக்குப் போட்டிருந்தான்' என்பார்கள். 'மைத்துனர் வீட்டிலும் இதுதான்' என்பார்கள். கேட்டுப் பார்த்து வாங்கினோம் என்றவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. சேலையைத் தொட்டுப் பாராமலும் மாம்பழத்தை முகர்ந்து பாராமலும் வாங்காத நாம், செவிக்குரிய பொருளை மட்டும் கண்ணால் வாங்குகின்றோம்.

இதிலென்ன பெரிய விடயம் என எண்ணுவோர் உண்டு. ஊரில் எமது பிள்ளைகள் கோயில் வீதியில் தவிற்காரரின் அருகே நின்று வளர்ந்தார்கள். அந்த அதிர்வை நெஞ்சு அறியும். இங்கு பிறந்த பிள்ளைக்கு ஒலிபெருக்கி எதைத் தருகின்றதோ அதுவே தவில். ஈழத்துத் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி மறைந்தது 1975இல். ஒலிப்பதிவுகளன்றி அவரது வாசிப்பை அறிய இனி வழியில்லை. எம்மிடம் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி அதனைக் கைத்தொலைபேசியிற் கேட்டுவிட்டு, "ஏன் சேர், தகரத்தில் தட்டுவது போல இருக்குது?" என்றாள். அவளை நாம் கடிந்துகொள்ளவில்லை. அவள் கேட்டது தகரத்தைத்தான். தாழ்ந்த நாதம் பிறக்கப் பெருமளவு காற்று அசையவேண்டும். நாணயமளவு சவ்வினால் அது இயலாது.

அப்படியாயின் பெரியதை வாங்கினால் போதுமா? நாமும் அவ்வாறே எண்ணி ஏமாந்தோம். உணவகச் சமையலறையில் உழைத்த பணத்தில் கடையொன்றின் மிகப் பெரிய சோடியை வாங்கிவந்து எமது சிறிய அறையின் மூலைகளில் நிறுத்தினோம். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி மிகைப்படும் என்பதை அன்று அறியோம். மிருதங்கம் அண்டாவுக்குள் இருந்து முழங்கியது; பாடகரின் சொற்கள் அதனுள் அமிழ்ந்தன; கீழ்வீட்டார் கதவைத் தட்டினர். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்தார். கடையில் வாங்கிய பொருளை மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் பொதுவான உரிமையைச் சுவிஸ் சட்டம் தருவதில்லை. எனவே வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்தபின் திருப்பலாமா என முதலிலேயே கேட்டு, எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள்.

வற் பற்றியும் ஒரு சொல். அது தரத்தின் அளவு அன்று. வலுவை இருமடங்காக்கினால் மூன்று டெசிபெல்தான் கூடும். ஒலி இருமடங்காகக் கேட்பதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். இரவு பத்து மணிக்குப் பின் அமைதி காக்கவேண்டிய மாடிவீட்டில் ஆயிரம் வற் எதற்கு?

கண் எவ்வளவு ஏமாற்றும் என்பதை 1994இல் புளொயிட் ரூல், சோன் ஒலிவ் என்னும் ஆய்வாளர் இருவர் காட்டினர். அவர்களிடம் கேட்டுப் பார்த்தவர்கள் ஒலிபெருக்கி உற்பத்தி நிறுவனமொன்றின் ஊழியர்களே. திரைக்குப் பின்னால் இருந்தபோது நல்ல மதிப்பெண் பெற்ற மலிவான சிறு தொகுதி, கண்ணுக்குத் தெரிந்ததும் மதிப்பிழந்தது. தொழில் தெரிந்தவர்களுக்கே இந்நிலை!

பீ.பீ.சி. பொறியியலாளர் ஒலிபெருக்கிகளைச் சோதிக்கக் கையாண்ட வழிகளில் ஒன்று மிக எளியது: மனிதக் குரல். பேசுபவரின் நேர்க் குரலையும் பெட்டியிலிருந்து வரும் அவரது குரலையும் ஒப்பிட்டனர். (சிற்றலை இரைச்சலுக்கிடையே அவர்களது தமிழோசையைச் செவியோடு ஒட்டிக் கேட்ட எமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்.) நாமும் இதைச் செய்யலாம். துணைவியாரின் அல்லது பிள்ளையின் பேச்சைப் பதிவுசெய்து, அவர்களையும் கூட்டிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். மூக்கால் பேசுவது போலவோ பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போலவோ கேட்டால் விட்டுவிடுங்கள். அடுத்து, நன்கு பழகிய கச்சேரிப் பதிவொன்று. தம்புராவின் இழை பாடகரின் பின்னால் அறுபடாமல் கேட்கின்றதா? 'ல'கரமும் 'ள'கரமும் வேறுபடுகின்றனவா? இரு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். கண்ணை மூடி, அரை மணி நேரமாவது கேளுங்கள். விற்பனையாளர் பொறுமையிழந்தால் வேறு கடை இருக்கின்றது.

பெருந்தொகை வேண்டியதில்லை. 'புறொக்கன்ஸ்ருபே' எனும் பழம்பொருட் கடைகளில் ரெகன்ஸ்டோர்ப் ஊரிலிருந்து வந்த ரெவொக்ஸ் போன்ற நல்ல பெயர்களின் பழைய பெட்டிகள் சில வேளை அகப்படும். முன்துணியைக் கழற்றி, கூம்பின் விளிம்பிலுள்ள நுரைவளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பழையவற்றில் அது உதிர்ந்துபோயிருக்கும். மாற்றலாம், ஆனால் அச்செலவையும் விலையில் கழித்துப் பேசவேண்டும்.

நாம் இப்போது வைத்திருப்பவை அத்தகைய கடையில் ஐம்பது பிராங்குக்குக் குறைவாக வாங்கியவை; சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கின்றன. அந்த மாணவிக்கு அதே பதிவை அவற்றிற் கேட்பித்தோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இரண்டு பக்கமும் வேறு வேறு சத்தமா, சேர்?" என்று கேட்டாள்.