காதலித்தால் மஞ்சளா?

செல்போனில் நாம் அனுப்பும் இமோஜிகளுக்கு 2015-ல் ஐந்து தோல் நிறங்கள் வந்தன. போலீஸ்காரர், பாட்டி, கைக்குழந்தை என்று யாரையும் அவரவர் நிறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதி அப்போது ஜோடிகளுக்குக் கிடைக்கவில்லை. தனியாக நிற்கும்வரை கறுப்பாக இருக்கலாம். காதலித்தால் மஞ்சளாகிவிட வேண்டும்!

எந்தப் படம் இமோஜி ஆகும் என்று முடிவு செய்வது அமெரிக்காவில் இயங்கும் யூனிகோட் கூட்டமைப்பு. ஜோடிப் படங்கள் அதன் பட்டியலில் ஏறியது 2010-ல். இதயத்தோடும் முத்தத்தோடும் வந்த ஜோடி என்றால் ஆணும் பெண்ணும்தான் என்றே பெரும்பாலான நிறுவனங்கள் வரைந்தன. 2015 ஏப்ரலில் ஆப்பிள் இரு ஆண்களையும் இரு பெண்களையும் அப்படிச் சேர்த்து வரைந்தது. வெவ்வேறு நிறத்தவர் கைகோத்து நிற்க 2019 மார்ச் ஆயிற்று. முத்தமும் இதயமும் இன்னும் ஓராண்டுக்கு மேல் பொறுத்தன. 2020-ல் அறிவிக்கப்பட்ட 217 புதிய இமோஜிகளில் 200 இந்த ஜோடிகளே.

தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. இருவருக்கும் ஐந்தைந்து நிறம் என்றால் ஒரே படத்துக்கு 25 சேர்க்கைகள். அத்தனையையும் ஒவ்வொரு நிறுவனமும் தனியே வரைய வேண்டும். ஆனால் அது மட்டுமே காரணமல்ல. கேட்க ஆள் வேண்டும். 2018-ல் ஜோடி தேட உதவும் டிண்டர் செயலி இதற்காகக் கையெழுத்து இயக்கம் நடத்தி, கூட்டமைப்பிடம் முறைப்படி விண்ணப்பித்தது. அதில் விளம்பர ஆசையும் இருந்திருக்கும், ஆனாலும் கோரிக்கை நியாயமானதே. வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதைத் தடுத்த மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-லேயே செல்லாதென்று தள்ளிவிட்டது. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும் அந்தத் தம்பதிகளுக்குக் கீபோர்டில் இடமில்லாமல் இருந்தது.

'ஒரு பொம்மைப் படத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்று சிலர் சிரிக்கிறார்கள். இந்தோனேசிய அரசு அதைப் பொம்மையாக நினைக்கவில்லை. தன்பாலின ஜோடிகளின் இமோஜிகளையும் ஸ்டிக்கர்களையும் நீக்கும்படி 2016-ல் செயலிகளுக்குச் சொன்னது. லைன் செயலி தன் ஸ்டிக்கர்களை விலக்கிக்கொண்டது. விரல்நுனி அளவுப் படத்துக்கு ஓர் அரசே பதறுகிறதென்றால், அதன் பொருள் அற்பமானதல்ல.

அதற்காகப் படம் வந்ததுமே உரிமை வந்துவிட்டதாகக் கொண்டாடவும் முடியாது. தன்பாலின உறவு குற்றமல்ல என்று நம் உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. திருமண உரிமையை 2023-ல் ஏற்க மறுத்துவிட்டது. கீபோர்டு திறந்த கதவைச் சட்டமும் வீடும் திறந்தாக வேண்டும்.

இந்த விஷயத்தில் தமிழர்கள் சிரிக்க இன்னொரு வகையிலும் நியாயமில்லை. பல நிற ஜோடிகள் கைகோத்து வந்த அதே 2019 மார்ச் பதிப்பில்தான் முந்திரி, காணி போன்ற நம் பழைய பின்னக் குறிகள் உட்பட 51 தமிழ்க் குறியீடுகளும் யூனிகோடில் ஏறின. அவற்றை அன்றாடம் எழுதுவோர் எத்தனை பேர்? ஆனாலும் கேட்டோம், வாங்கினோம். பட்டியலில் இல்லாத எழுத்து கணினிக்கு எழுத்தே அல்ல என்பது நமக்குத் தெரியும். நம் காணிக்கும் முந்திரிக்கும் இடம் கேட்டது நியாயம் என்றால், தன் துணையோடு நிற்க இடம் கேட்டவரும் நியாயத்தைத்தான் கேட்டார்.