ஊரா, காலனியா?

இதழ் இரண்டு மாதம் பிந்தி வருகிறது. சந்தா கட்டிய தோழர்கள் திட்டியது காதில் விழுந்தது. காரணம் காகிதமும் இல்லை, காசும் இல்லை, வீடு. குடியிருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கறி வாசம் என்பது சாக்கு. சுவரில் மாட்டியிருந்த அம்பேத்கர் படம்தான் விஷயம்.

இனி வாடகை வேண்டாம், கடனை உடனை வாங்கியாவது ஒரு மனை வாங்கிடுவோம் என்றார் துணைவியார். செங்கல்பட்டுப் பக்கம் தேடினோம். தரகர் நல்லாத்தான் பேசினார், டீ கூட வாங்கிக் கொடுத்தார். பத்திர நகலும் தந்தார். மூன்றாம் நாள் கேட்டார்: "சாருக்குச் சொந்த ஊர் எது?" சொன்னேன். "ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?"

"காலனிங்க. சேரின்னும் சொல்லுவாங்க."

அப்புறம் மனைக்காரர் வெளியூர் போய்விட்டார். அப்புறம் விலை ஏறிவிட்டது. அப்புறம் மனையே விற்றுப்போய்விட்டதாம். 'மனை விற்பனைக்கு' என்ற பலகை மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது.

அயல்நாட்டில் படித்துத் திரும்பிய அண்ணல் 1917இல் பரோடாவில் அரசு வேலைக்குப் போனார். பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கினார். தடியோடு வந்து வெளியேற்றினார்கள். 2005இல் உச்சநீதிமன்றம், ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் சமூகத்தாரை மட்டுமே சேர்க்கும் விதி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. பார்சிகளோடு நமக்கென்ன சண்டை? அந்த வாசல் வழியே எந்தச் சாதியும் நுழைந்து உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாமே, அதுதான் கவலை.

ஆனால் சொல்ல வந்தது வேறு. கையிலிருந்த நகலில் சர்வே எண் இருந்தது. 'அ' பதிவேட்டைப் பாரப்பா என்றார் மூத்த தோழர் ஒருவர். பார்த்தோம். டி.சி. நிலம். பஞ்சமி!

செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையால், அடுத்த ஆண்டு அரசு ஆணை போட்டு நம் மக்களுக்குக் கொடுத்த நிலம். முதல் பத்து வருடம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் நம்மவர்களுக்குத்தான் விற்கலாம். ஆக, எனக்கு விற்க மாட்டேன் என்றவருக்கு அதை விற்கவே உரிமை கிடையாது!

மனுக் கொடுத்தேன். "எதுக்கு சார் வம்பு? வேற எடம் பாருங்க" என்றார் மனுவை வாங்கியவர். 1994 அக்டோபர் 10இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நின்ற ஜான் தாமஸையும் ஏழுமலையையும் சுட்டுக்கொன்ற மாவட்டம் இது. வம்பு என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா?

எனக்கு அந்த மனை இப்போது வேண்டாம். அது அந்தக் கிராமத்துச் சேரி சனங்களுக்குப் போக வேண்டிய மண். அவர்களிடம் போய்ப் பேசியிருக்கிறோம். நாலு பெரியவர்கள் கையெழுத்துப் போட முன்வந்திருக்கிறார்கள்.

இதழின் முகவரி இப்போது நண்பர் வீட்டு மாடி. உங்கள் ஊர்ப் பதிவேட்டைப் பார்த்து, டி.சி. என்றிருக்கும் சர்வே எண்களை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அச்சடிப்போம்.