பயணப் பையில் ஒரு தடுப்பூசி அட்டை

கண்டியிலிருந்து மாத்தளை போகும் ஏ9 வீதியில், அக்குறணை தாண்டி அலவத்துகொட வரும்போது வேன் ஜன்னலில் தலை நீட்டும் நாயிடம் எந்த ஊர்ச் சட்டம் பேசுகிறது? நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இல் வந்தது. பதிவு அந்தந்த உள்ளூராட்சி சபையின் எல்லைக்குள். குடும்பத்தோடு நாயும் பயணம் போகும் இந்தக் காலத்துக்கு அது போதாது. பூனையோ அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இல்லை. ஆனால் நாய்க்கடியால் போலவே பூனைக்கடியாலும் விசர் நோய் தொற்றும்.

ஆபத்து தெருநாயிடம்தானே, வளர்ப்பு நாய்க்கு ஏன் கெடுபிடி என்பார்கள். விசர் பிடித்த மிருகத்திடம் கடிபட்டு நோய் தொற்றிய வளர்ப்பு நாய் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நோய்க்குறி காட்டாமலே இருக்கும். அதற்குள் எத்தனை ஊர் போய்விடும்! நான் கேட்பது தடையல்ல. திகதியும் மிருக வைத்தியரின் கையொப்பமும் உள்ள தடுப்பூசி அட்டையை எல்லாச் சபைகளும் ஒரே மாதிரி ஏற்கட்டும். விடுதிக்காரர் அறைச் சாவியைக் கொடுக்குமுன் அதைக் கேட்டுப் பார்க்கட்டும்.