தலைக்கு வந்தது

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம் முன்னோர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். சென்ற ஐப்பசி மாதம் வரையில் அதை வெறும் அலங்கார வார்த்தை என்றே நாம் எண்ணியிருந்தோம். தாம்பரத்துக்கு மேற்கே, மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு சாலையில், மோட்டார் சைக்கிளும் நாமுமாகக் கீழே விழுந்த பிறகுதான், அது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிய வந்தது. அந்தக் கதைக்கு முன்னால், அந்தத் தலைப்பாகை நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும்.

1950-களில் இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்துச் சென்னையில் பூட்டி விற்ற ராயல் என்பீல்டு வண்டிகள், இன்று நமக்கு அண்டையிலுள்ள ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகி, அதே இங்கிலாந்துக்குக் கப்பலேறுகின்றன. 2016-ஆம் வருஷம் 'ஹிமாலயன்' என்ற பெயருடன் மலைப் பிரயாணத்துக்கென்றே ஒரு வண்டி வந்தது. சுதேசி அபிமானத்தினாலோ, நடுத்தர வயதின் சபலத்தினாலோ, அதில் ஒன்றை நாமும் வாங்கினோம். இமயமலைக்கு இன்னும் போன பாடில்லை. தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு உத்தியோகத்துக்குப் போய் வருகிறோம். நமக்கு வாய்த்த மலை, மேடவாக்கம் மேம்பாலந்தான்!

"மாமா! இந்த வண்டிக்குச் சாதாரண ஹெல்மெட் பொருந்தாது. சாகசப் பிரயாணிகள் அணிவதுதான் வேண்டும்" என்றான் நமது சகோதரியின் புதல்வன். அவ்விதமே ஒன்று வாங்கினோம். நெற்றிக்கு மேலே வீட்டுத் தாழ்வாரம்போல் ஒரு நீட்டம். மோவாய்க்கு முன்னால் கழுகு மூக்குப்போல் ஒரு கூர்மை. ஆங்காங்கே காற்று புகுவதற்குச் சாளரங்கள். அதை அணிந்து கொண்டு நாம் முதல் நாள் வாசலில் இறங்கியபோது, எதிர் வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது.

ஆயினும், ஒரு வருஷம் அதனுடன் குடித்தனம் செய்ததில் அதன் குணதோஷங்கள் நன்கு விளங்கின. மாலையில் மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் நோக்கி வருகிறவர்களுக்குச் சூரிய பகவான் நேர் எதிரே நின்று கண்ணைக் குத்துவார். அப்போது தலையைச் சற்றே தாழ்த்தினால் போதும். தாழ்வாரம் நிழல் தரும். முன்னே போகும் சக்கரம் வாரி அடிக்கிற சேற்றையும் அது ஓரளவு தடுக்கும். ஆனால் மதுரவாயல் புறவழிச் சாலையில் வேகமாகப் போனாலோ, அதே தாழ்வாரம் காற்றைப் பிடித்துக் கொண்டு கழுத்தைப் பின்னுக்கு இழுக்கும். அக்கினி நட்சத்திரத்தில் வண்டி ஓடும் வரை சாளரங்கள் காற்றுத் தரும். இரும்புலியூரில் நெரிசலில் நின்றுவிட்டால், தலை இட்டிலிப் பானைக்குள் இருப்பது போலத்தான். வண்டலூர்–ஒரகடம் சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதிக்கும், போகிப் பண்டிகையன்று விடியற்காலைப் புகைக்கும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தருகே இரவில் மொய்க்கும் பூச்சிகளுக்கும் முகக் கண்ணாடி பெரிய உபகாரம். மழைக் காலத்தில் மட்டும் நம் மூச்சே அதன் உட்புறத்தில் ஆவியாகப் படிந்து உலகத்தை மறைத்துவிடும். ஒரு விரற்கடை திறந்து வைத்தால் விலகும்.

இவையெல்லாம் சௌகரியங்களும் அசௌகரியங்களுமே. கவசத்தின் உண்மையான வேலை வேறு. வெளி ஓட்டுக்கும் உள் மெத்தைக்கும் நடுவே, தெர்மாகோல் ஜாதியைச் சேர்ந்த கெட்டியான நுரை ஒன்று இருக்கிறது. அடி விழும்போது அது நசுங்கும். நசுங்குவதற்காகவே அது இருக்கிறது. அந்தக் கண நேரத் தாமதத்தில்தான் மூளை பிழைக்கிறது. 'நாம் வேகமாய் ஓட்டுவதில்லையே!' என்று சொல்வோர் உண்டு. அசையாமல் நிற்கும் மனிதன் ஐந்தடி உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தால்கூட, தலை தரையில் மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோ மீட்டர்!

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை வைத்தியர். 'அரேபிய லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதம், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மீது மோதாதிருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பி, விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவர் தலையில் கவசம் இல்லை. அவரைப் பார்க்க வந்த வைத்தியர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர். 1941-ல் அவர் எழுதிய கட்டுரையில், யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் மட்டும் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்ற 2279 பேர் சாலை விபத்துக்களில் மாண்டதை எடுத்துக்காட்டி, கவசத்தின் அவசியத்தை வலியுறுத்தினார். அவ்வருஷமே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டிலும் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு அதில் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி, 2015 ஜூலை 1-ந் தேதி முதல், ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் ஆகிய இருவருக்குமே கண்டிப்பு வந்தது. ஆனால் நம் சாலைகளில் பாதிக் கவசங்கள் முழங்கையையும் பெட்ரோல் தொட்டியையுமே காப்பாற்றி வருகின்றன. போலீஸ்காரர் தென்பட்டால் தலைக்கு ஏறும். அவர் மறைந்தால் இறங்கும். வாரைப் பூட்டாமல் கவிழ்த்துக் கொள்வோரும் அநேகர். மோதுகிற போது முதலில் பறந்து போவது அந்தக் கவசந்தான்.

இப்படி ஊரைப் பரிகசித்துக் கொண்டிருந்த நாம், சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, ஒரு கல்யாண வரவேற்புக்குப் புறப்பட்டோம். பின் ஆசனத்தில் நம் இல்லத்தரசி. தண்ணீருக்குள் ஒளிந்திருந்த பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கியது. அடுத்த கணம் நமது தலையின் இடது பக்கம் நடைபாதைக் கல்லின் விளிம்பில் 'மடார்' என்று மோதியது. எழுந்து திரும்பிப் பார்த்தோம். அவள் இரண்டு முழம் தள்ளி, சேற்று மண்ணில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறு காயமில்லை. நாம் மோதிய கல் அவளுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கவசத்தைப் பார்த்தோம். வெளி ஓட்டில் ஒரு கீறல்; உள்ளே நுரை நசுங்கியிருந்தது. ஒருமுறை அடிபட்ட கவசம் மறுமுறை உதவாது. பார்வைக்கு நன்றாயிருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதே. "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று!" என்று சற்றுப் பெருமையாகவே சொன்னோம்.

"உங்கள் தலைக்கு வந்தது போயிற்று. என் தலைக்கு வந்திருந்தால் எதோடு போயிருக்கும்?" என்று கேட்டாள் அவள்.

நமக்குப் பதில் அகப்படவில்லை. அன்று அவள் தலையில் இருந்த கவசம் இரண்டு முழம் மல்லிகைப் பூ. கூந்தல் கலையும், பூ கசங்கும் என்று அவள் சொன்னதை, எண்ணாயிரம் ரூபாயைத் தம் தலைக்குச் செலவிட்ட நாம், மறுவார்த்தையின்றி ஒப்புக் கொண்டிருந்தோம். ஒப்புக் கொள்வது மலிவாயிருந்தது!

மறுநாளே கடைக்குப் போனோம். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கவசத்தை விற்கவே கூடாது என்று சட்டம் இருப்பதால், முத்திரையைப் பார்த்து இரண்டு வாங்கினோம். தாழ்வாரம், கழுகு மூக்கு ஒன்றும் இல்லை. அவள் அணிந்து பார்த்து அளவு சரி என்று சொன்னதை முதலில் எடுத்துக் கொண்டோம். மிஞ்சிய பணத்துக்கு நமக்கு. பூவை இப்போது கைப்பையில் எடுத்துச் சென்று, கல்யாண வீட்டு வாசலில் சூடிக் கொள்கிறாள். அது கசங்குவதில்லை.