ஒரே பெயர், வேறு நஞ்சு

பாம்புக்கடிக்குத் தரப்படும் நஞ்சுமுறி மருந்து, குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவதால், செலுத்திய நஞ்சையும் அதனை நெருங்கியவற்றையும் மட்டுமே முறிக்கவல்லது. எனவே நிலப்பரப்பிலும் தீவிலும் வாழும் ஓரினப் பாம்பின் நஞ்சு ஈரிடத்தும் ஒன்றுதானா என்னும் கேள்வி, உயிரியலாளரைப் போலவே மருத்துவருக்கும் உரியதாகிறது.

பாகிஸ்தான் முதல் தைவான் வரையிலும் ஜாவா, புளோரஸ் தீவுகளிலும் காணப்படும் கண்ணாடி விரியனை நெடுங்காலம் ஓரினமாகவே கொண்ட ஆய்வாளர்கள், நிறத்தையும் புள்ளிகளையும் வைத்துப் பல துணையினங்களை வகுத்து, இலங்கைப் பாம்புக்கும் தனிப்பெயர் சூட்டினர். தாய்வழியாகவே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா மரபுப்பொருளை ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வோ, இந்தியா, இலங்கை ஆகியவற்றின் பாம்புகளை மேற்கினமாகவும், மியான்மரிலும் அதற்குக் கிழக்கேயும் உள்ளவற்றைத் தீவுப் பாம்புகளுடன் சேர்த்துக் கிழக்கினமாகவும் பிரித்தது. ஆழ்ந்த பிளவு விழுந்த இடம் கடல் அன்று, நிலமே. பனியுகத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது பாக் நீரிணை தரையாக இருந்தது என்பதை நினைத்தால், இலங்கைப் பாம்பின் நெருங்கிய உறவு வியப்பளிக்காது.

ஆனால், உறவின் நெருக்கம் நஞ்சின் ஒற்றுமைக்கு உறுதியாகாது. பிரேசிலின் சாவோ பாவுலோ கரைக்கு அப்பாலுள்ள கெய்மாடா கிராண்டி, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் கடல் உயர்ந்ததால் துண்டிக்கப்பட்ட, 43 ஹெக்டேர் பரப்புள்ள சிறு தீவாகும். அங்குள்ள பொன்னிறக் குழிவிரியன், கரையிலுள்ள ஜராராக்கா பாம்பின் மரபுக் கிளைகளுக்குள்ளேயே அடங்கும் அளவுக்கு அதற்கு நெருங்கியது. எனினும் எலியினம் இல்லாத தீவில் வலசைப் பறவைகளையே இரையாகக் கொண்டதால், நிறத்திலும் வாழ்முறையிலும் நஞ்சின் செயலிலும் விலகிவிட்டது. எந்த நச்சுப் புரதம் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை இரை போன்ற சூழற்காரணங்கள் விரைந்து மாற்றிவிடுவதால், வம்சாவளியை மட்டும் கொண்டு நஞ்சைக் கணிக்க இயலாது. கண்ணாடி விரியனிலும் விளைவு இடத்துக்கிடம் வேறுபடுகிறது: அது கடித்தால் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இமை சரிவதும் தசை சிதைந்து சிறுநீர் கறுப்பதும் மிகுதி. மியான்மரிலோ பிட்யூட்டரிச் சுரப்பியில் இரத்தம் கசிவது குறிப்பிடத்தக்க விளைவு.

இந்திய நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி, வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, அதாவது தமிழ்நாட்டின் ஒரு சிறு வட்டாரத்திலிருந்து கிடைக்கிறது. அம்மருந்தையே இலங்கையும் இறக்குமதி செய்கிறது. இருளரின் திறன் இல்லையேல் மருந்தே இல்லை. எனினும் ஒரு வட்டாரத்து நஞ்சைத் துணைக்கண்டம் முழுமைக்கும் அளவுகோலாக்குவது அறிவியலுக்குப் பொருந்தாது. வேற்றுநாட்டுப் பாம்பின் நஞ்சுக்குச் செய்த மருந்து பிரேசில் பாம்புகளின் நஞ்சை முறிப்பதில்லை என்பதை அந்நாட்டு மருத்துவர் வைட்டல் பிரேசில் நூறாண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சேர்த்த பின்னரும் அப்பாடம் முழுமையாகக் கைக்கொள்ளப்படவில்லை. வட்டாரந்தோறும் நஞ்சு திரட்டி, மருந்தை அவ்வவ்விடத்து நஞ்சுடன் சோதித்து, குப்பியின் மேல் பாம்பின் பெயரோடு அதன் ஊரையும் பொறிப்பதே உடனடித் தேவை.